சிவப்புப் பேனையும் நாற்பத்திரண்டு தூக்கக் கொப்பிகளும்

பிள்ளைகளே, இருபத்தெட்டு வருடம் உங்களைப் போன்றவர்களை எழுப்புவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. கம்பளைக்கும் பேராதனைக்கும் நடுவில் இருக்கும் நம் பாடசாலையில் நான் சிற்றூழியராக இருந்தவன். மணி அடிப்பது, கேற் திறப்பது, ஆசிரியர்களுக்குத் தேநீர் ஊற்றுவது, யாராவது வாந்தி எடுத்தால் அந்த இடத்தில் மரத்தூள் போடுவது எல்லாம் என் வேலை.

மணி என்றால் கோயில் மணி மாதிரி நினைக்க வேண்டாம். பலாமரத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. தமிழர்களின் வீடுகளையெல்லாம் எரித்த கலவரத்தின்போது பாடசாலையின் கதிரைகளும் அலுமாரிகளும் எரிந்தன. தண்டவாளத் துண்டை எரிக்கவும் முடியவில்லை, தூக்கிக்கொண்டு போகவும் முடியவில்லை. அதனால் அது மிஞ்சியது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அதிபர் ஒரு இரும்புக் கம்பியைக் கையில் தந்து, "அடியும்" என்றார். அடித்தேன். "இன்னும் பலமாய்" என்றார். அத்தோடு என் பயிற்சிக் காலம் முடிந்தது.

போன மாதம் புதிய சுகாதார ஆசிரியை வீட்டுக்கு வந்தார். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருக்கிறீர்களாம், வகுப்பில் வந்து தூங்குகிறீர்களாம். அதற்காகப் பாடசாலையில் "முதன்முறையாக" ஒரு தூக்கத் திட்டம் தொடங்கப் போகிறார்களாம். படிவத்தையும் காட்டினார். படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் "காரணம்" என்று இருந்தது. அதைப் பார்த்ததும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மிஸ், இது முதல்முறை இல்லீங்க. சண்ட நடந்த காலத்துலயே நாங்க செஞ்சோம். அந்தக் கடைசிக் கட்டத்துல நான் ஒருதரம் விழுந்து எந்திரிச்சேன்" என்றேன்.

"அப்படின்னா எழுதிக் குடுங்க அங்கிள், ஸ்கூல் சஞ்சிகையில போடுவோம். பிள்ளைங்களுக்கு விளங்குற மாதிரி" என்றார்.

எட்டாம் வகுப்போடு நின்றவனிடம் கட்டுரை கேட்டது அவருடைய பிழை. வாசிப்பது உங்கள் தலையெழுத்து.

அப்போது அதிபராக இருந்தவர் அருளையா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இடது கையில் மணிக்கூடு. காலையில் ரேடியோச் செய்தி தொடங்கும்போது அதை ஒத்துப்பார்ப்பார். பிறகு நான் மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் விறாந்தையில் நின்று கையை மூக்குக்கு நேரே பிடிப்பார். "மாரிமுத்து, நாற்பது செக்கன் பிந்திட்டீர்" என்பார். சில நாள், "இருபது செக்கன் முந்திட்டீர். என்ன காணும், வீட்டை போக அவசரமோ?" என்பார். ஏசமாட்டார், கத்தமாட்டார். செக்கன் மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அந்த நாட்களில் பிள்ளைகள் வகுப்பில் விழுந்து விழுந்து தூங்கினார்கள். போன் எல்லாம் இல்லை. இரவில் சுற்றிவளைப்பு என்று பொலிஸ் ஜீப் வரும், நாய் குரைக்கும், லயத்து வீடுகள் முழுவதும் எழுந்து உட்காரும். கலவரத்தைக் கண்ட தாய்மார் சிலர் உடுப்புப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பார்கள். அந்தப் பை தயாராக இருக்கும் வீட்டில் எந்தப் பிள்ளை ஒழுங்காகத் தூங்கும்? காலை இரண்டாம் பாடத்தில் பத்தாம் ஆண்டைப் பார்த்தால் நெல் அறுத்துப் போட்ட வயல் போல இருக்கும்.

அதிபர் பேராதனையிலிருந்து ஒரு டொக்டர் மிஸ்ஸைக் கூட்டிவந்தார். அவரும் வடக்குப் பக்கம்தான். நல்ல மனுசி. ரோனியோவில் அச்சடித்த தாள் ஒன்றை எல்லோருக்கும் கொடுத்து, காலைக் கூட்டத்தில் விளக்கினார். நாலு மணிக்குப் பிறகு தேநீர் குடிக்கக் கூடாது என்றார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப்பேரின் அம்மாமார் அந்த நேரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்ததாக, அமைதியான தனி அறையில் தூங்க வேண்டும் என்றார். எட்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் எழுந்தான்.

"மிஸ், எங்க காம்பராவுல ஏழு பேரு. தனி அறைன்னா மத்த ஆறு பேர எங்க போடுறது?"

"கொல்லைல போடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கூட்டமே சிரித்தது. டொக்டர் மிஸ்ஸும் சிரித்துவிட்டு, பேனையை எடுத்துத் தன் தாளில் அந்த வரியை வெட்டினார். "சரி, அப்ப நீங்கள் எப்பிடி நித்திரை கொள்ளுறீங்கள் எண்டு நீங்களே எழுதித் தாங்கோ. அதைப் பாத்துத்தான் நான் ஏதும் சொல்லலாம்" என்றார். இப்படித்தான் தூக்கக் கொப்பி பிறந்தது. வகுப்பில் அதிகம் தூங்கி விழுந்த நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நாற்பது பக்கக் கொப்பி, அதில் நேரக் கட்டங்கள், கடைசியில் காரணக் கட்டம். காலையில் கொப்பிகளைச் சேர்த்து, குறையாக எழுதியிருந்தால் குறித்துக்கொடுத்து, மாதக் கடைசியில் பேராதனைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

"மாரிமுத்து பாப்பார்" என்றார் அதிபர். மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்புப் பேனையை எடுத்து என் கையில் வைத்தார்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. சிவப்புப் பேனையால் என் கணக்குகளையெல்லாம் மற்றவர்கள் வெட்டியதுதான் அதுவரை எனக்குத் தெரியும். இப்போது பேனை என் கையில். பிள்ளைகள் காரணக் கட்டத்தில் "நாய்" என்று எழுதினால், "காரணம் போதாது. யாருடைய நாய்?" என்று எழுதினேன். "பயம்" என்று எழுதியவனுக்கு, "விளக்கமாக எழுது. படமும் வரையலாம்" என்று எழுதினேன். அவன் மறுநாள் அழகான ஜீப் ஒன்றை வரைந்து, பக்கத்தில் வந்த நேரமும் போன நேரமும் போட்டிருந்தான். "நல்ல படம்" என்று எழுதினேன். பிள்ளைகளே, இந்தப் படத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சாந்தியும் அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி. அவள் காரணத்தில் "அப்பாவின் குறட்டை" என்று எழுதியிருந்தாள். "காரணம் போதாது" என்று அவளுக்கும் எழுதினேன். மறுநாள் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டு வந்தாள். அவள் அம்மாவும் உதவியிருக்கிறாள் என்பது வசனங்களிலேயே தெரிந்தது.

பத்தாம் ஆண்டில் செல்வமலர் என்று ஒரு பிள்ளை. அப்பா இல்லை, அம்மாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை. கெட்டிக்காரி. சாதாரண தரப் பரீட்சையில் கட்டாயம் பாஸ் பண்ணுவாள் என்று எல்லோரும் சொன்ன பிள்ளை, அந்த மாதம் முழுக்க வகுப்பில் தூங்கினாள். கணித மாஸ்டர், "இவ இனி வீட்டுலயே படுக்கட்டும்" என்று அதிபரிடம் சொல்லிவிட்டார். ஆனால் அவளுடைய தூக்கக் கொப்பியைப் பார்த்தால் இலங்கையிலேயே அவளைப் போல் தூங்குகிறவர் இல்லை. ஒவ்வொரு நாளும் ஒன்பது மணிக்குப் படுத்தேன், ஐந்து மணிக்கு எழுந்தேன், நன்றாகத் தூங்கினேன். எல்லாப் பக்கமும் ஒரே பேனை, ஒரே சாய்வு. ஒரே இருப்பில் எழுதியது.

இடைவேளையில் பலாமரத்தடிக்கு அவளைக் கூப்பிட்டேன். கன்னத்தில் கொம்பாஸ் பெட்டியின் விளிம்பு பதிந்திருந்தது.

"ஒம்பது மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எந்திரிச்சவ, பத்து மணிக்கு ஏம்மா திரும்பத் தூங்குற?"

"எனக்குத் தூக்கம்னா ரொம்பப் பிரியம்ணே."

"பொய் சொல்லாத. ஒன் பேர வெட்டிருவேன்."

"எதுலருந்துங்க?"

"திட்டத்துலருந்து."

"வெட்டிருங்கண்ணே. நிம்மதியாத் தூங்குவேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் மூடிக்கொண்டு போனது.

எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய கொப்பியில் அரைப் பக்கத்துக்குப் பெரிதாக, "பொய். உண்மையை எழுது" என்று சிவப்பில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். "நாளைக்கு உண்மைய எழுதிக்கிட்டு வரல, அதிபர்கிட்ட சொல்லி அம்மாவக் கூப்புட வச்சுருவேன்" என்றேன். அவள் முகம் மாறியது. கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் மாதக் கடைசி. காலையில் எல்லோரும் கொப்பி தந்தார்கள். செல்வமலரும் தந்தாள். திறந்து பார்க்க நேரமில்லை. நாற்பத்திரண்டையும் ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் ஏறினேன்.

பேராதனைப் பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு நடக்க வேண்டும். சாக்கோடு நடந்தவன் நான் ஒருவன்தான்.

"மே மொனவத?" என்றார் சார்ஜன்ட். என்ன இதெல்லாம் என்கிறார். நல்ல உயரம், கண் இரண்டும் மிளகாய் போலச் சிவந்திருந்தது. எத்தனை நாள் தூங்காத கண் அது என்று, ஒரு மாத அனுபவத்தில் எனக்கே விளங்கியது.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில், பிள்ளைகள் தூங்குகிற கொப்பி என்றேன். அவர் ஒன்றை எடுத்துத் திறந்தார். திறந்த பக்கத்தில் ஜீப்.

தமிழ் எழுத்துத்தான் அவருக்குத் தெரியாது. இலக்கம் தெரியும். ஜீப்புக்குப் பக்கத்தில் வந்த நேரம், போன நேரம். அடுத்த கொப்பியைத் திறந்தார், நேரம். அதற்கு அடுத்ததிலும் நேரம். அவருடைய முகத்தில் இருந்த சோம்பல் முழுவதும் போனது. என் அடையாள அட்டையைப் பிடுங்கி, மண்மூட்டைக்குப் பக்கத்தில் குந்தவைத்தார். பஸ்ஸைப் போகச் சொன்னார். எங்கள் ரோந்து நேரங்களை யாருக்காக எழுதுகிறாய் என்று கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோது துப்பாக்கியின் வாய் என் சட்டைப் பொத்தானில் இருந்தது. அதுவரை எனக்கு அந்தக் கொப்பிகளை வெளியிலிருந்து பார்க்கத் தெரியவில்லை. நானே சிவப்பில் கேட்டுக் கேட்டு, ஒரு மாதமாக நாற்பத்திரண்டு வீட்டுக்கு வெளியே நடந்ததையெல்லாம் எழுதி வாங்கியிருந்தேன்.

சார்ஜன்ட் ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பையன், தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்.

"பயப்படாதீங்க. எனக்குத் தமிழ் பேச்சு நல்லா வெளங்கும். எழுத்துதான் தெரியாது. நீங்க வாசிங்க, நான் அவருக்குச் சொல்றேன்" என்றான்.

சார்ஜன்ட் எடுத்துக் கொடுக்க, நான் வாசித்தேன். ஒருத்திக்குக் கொசு. ஒருத்தனுக்கு வயிற்றுவலி. ஜீப் வரைந்தவனுக்கு ஜீப்பைக் கண்டால் பயம். அதை மொழிபெயர்த்தபோது கான்ஸ்டபிளின் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு, என் கெட்ட காலம், சாந்தியின் கொப்பி வந்தது. சொந்தக் குறட்டையைப் பற்றிய ஒரு பக்கத்தைத் துப்பாக்கிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாக வாசித்த தகப்பன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டான்.

சார்ஜன்ட் சிரிக்கவில்லை. புரட்டிக்கொண்டே போனவர், சிவப்பு அதிகமாக இருந்த ஒன்றை இழுத்தெடுத்தார். இரண்டு கோடு போட்ட சிவப்பு. செல்வமலரின் கொப்பி.

வாங்கினேன். என் சிவப்பு எழுத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

"ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூங்கவில்லை. அண்ணன் கொழும்புக் கடையிலிருந்து ஓடிவந்து நிற்கிறார். அங்கே பொலிஸ் பதிவு இல்லாதவர்களைப் பிடிக்கிறார்கள். இங்கேயும் பதிவு இல்லை. ஜீப் சத்தம் கேட்டால் நான் எழுப்பிவிட வேண்டும், அவர் தேயிலைக்குள் போய்விடுவார். அம்மா வேலை செய்து களைத்துத் தூங்குவதால் நான்தான் முழித்திருக்கிறேன். சேர் உண்மையை எழுதச் சொன்னதால் எழுதினேன். அம்மாவைக் கூப்பிட வேண்டாம்."

என்னை அதற்கு முன் யாரும் சேர் என்று சொன்னதில்லை.

"வாசிங்க" என்றான் கான்ஸ்டபிள்.

"ஒன்பது மணிக்குப் படுத்தேன். தூங்கவில்லை." வாய் தன் பாட்டில் வாசித்துவிட்டது. அதற்கு மேல் நாக்கு நின்றது. அடுத்த வரியில் அண்ணன் நிற்கிறான். சார்ஜன்ட் குனிந்தார். எழுத்துத் தெரியாது, எழுத்துத் தெரியாது என்று மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

"காரணம், அப்பாவின் குறட்டை" என்றேன்.

"இவ அப்பாவுமா?" என்றான் கான்ஸ்டபிள்.

"தோட்டத்துல எல்லாருமே அப்படித்தாங்க."

அவன் சொல்ல, சார்ஜன்ட் விரலால் பக்கத்தைத் தட்டினார். இவ்வளவு நீளமாக இருக்கிறதே, குறட்டைக்கு ஒரு வரி போதாதா என்கிறார்.

வேறு வழியில்லை. வெறுமனே அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தேன். "அப்பாவின் குறட்டை முதலில் மெதுவாக வரும், சுளகில் அரிசி புடைப்பது போல. பிறகு கம்பளை ஸ்டேஷனில் என்ஜின் நிற்பது போலப் பெருமூச்சு விடும். அத்தோடு நின்றுவிடும். செத்துப்போய்விட்டாரோ என்று நாங்கள் எல்லோரும் எழுந்து பார்ப்போம். பார்த்ததும் திரும்பத் தொடங்கும்." இத்தனை வருடமாக மனைவி என்னைத் திட்டியது ஒரு சொல் விடாமல் எனக்குக் கைகொடுத்தது. வசனம் வசனமாகக் கான்ஸ்டபிள் சிங்களத்தில் சொன்னான். சொல்லச் சொல்ல சார்ஜன்டின் தலை மெல்ல ஆடியது. கண் மூடியது. திடுக்கென்று திறந்தது. டொக்டர் மிஸ்ஸின் திட்டத்தால் தூக்கம் வந்த முதல் ஆள் அவர்தான்.

"இந்தச் சிவப்பு என்ன?" என்று கேட்டான் கான்ஸ்டபிள்.

"நன்று" என்றேன்.

"ஒரு சொல்லா? மூணு இருக்கே."

"மிக... மிக நன்று."

சார்ஜன்ட் எழுந்தார். அடையாள அட்டையை என் மடியில் போட்டார். ஜீப் இருந்த பக்கத்தைக் கிழித்துத் தன் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு ஆடு மாடு வரையச் சொல்லிக்கொடு என்று சொல்லிவிட்டு, மண்மூட்டையில் சாய்ந்தார்.

நான் பேராதனைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிப் பாடசாலைக்கே திரும்பி, நேரே அதிபரின் அறைக்குள் போய் நடந்ததைச் சொன்னேன். செல்வமலரின் கொப்பியைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைத்தார். மாட்டிக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"நீர் ஒரு பிள்ளையை வெருட்டி இதை எழுத வச்சிருக்கிறீர்."

"ஆமாங்க சேர்."

"அந்தக் கட்டத்தைப் போடச் சொன்னது டொக்டர். பேனையைத் தந்தது நான்." கையை நீட்டினார். சிவப்புப் பேனையை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் அதை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். பிறகு அந்தப் பக்கத்தைக் கவனமாகக் கிழித்து என்னிடம் தந்தார். "தேத்தண்ணி அடுப்பு எரியுதோ?"

அந்தப் பக்கத்தை அடுப்பில் வைத்து எரித்தேன். அதில் கொதித்த தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி இருவரும் குடித்தோம். நாலரை மணி. டொக்டர் மிஸ் அறிந்தால் எங்கள் பேரை வெட்டியிருப்பார்.

அருளையா சேர் வடக்கு ஆள். அவருடைய பொலிஸ் பதிவையே எத்தனை தரம் போய்ப் புதுப்பித்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்துக்குத் தேவையில்லாமல் போகிற ஆள் இல்லை. மறுநாள் காலை கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்தார். கிராம சேவகரிடம் ஒரு கடிதம், தோட்டத்துத் துரையிடம் ஒரு கடிதம் வாங்கி, தன் கையாலும் ஒரு கடிதம் எழுதினார். செல்வமலரின் அண்ணனைப் பக்கத்தில் நடக்கவிட்டுப் பொலிஸுக்குப் போனார். அவர்கள் அவனைப் பதியவில்லை, விசாரிக்க வேண்டும் என்று உள்ளே வைத்துக்கொண்டார்கள். அதிபர் தனியாகத் திரும்பிவந்தார்.

அன்றைக்குச் செல்வமலர் என்னிடம் வந்து, "உண்மைய எழுதுன்னீங்களே" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது.

மறுநாளும் அதிபர் ரை கட்டிக்கொண்டு போனார். பொலிஸ் வாசலில் கிடந்த மர வாங்கில் பின்னேரம்வரை உட்கார்ந்திருந்தாராம். அதற்கடுத்த நாளும் போனார். அவர் இல்லாத அந்த நாட்களில் யாரும் எனக்குச் செக்கன் சொல்லவில்லை. நானும் ஒழுங்காக அடிக்கவில்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு இரண்டு பேர் கேற்றுக்குள் நடந்துவந்தார்கள். அண்ணனின் உதடு வீங்கியிருந்தது. கையில் பதிவுத் துண்டு. செல்வமலர் அந்தத் துண்டை வாங்கி ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். பிறகு தையல் அறைக்குள் போய் மூலையில் இருந்த பாயை விரித்துப் படுத்தாள். படுத்த நேரமும் தூங்கிய நேரமும் ஒன்று.

டொக்டர் மிஸ் அடுத்த வாரம் வந்தார். காரணக் கட்டத்தை எடுத்துவிட்டார். தையல் அறையில் பன்னிரண்டு பாய் போட்டு, இரவு தூங்காத பிள்ளைகள் ஒரு பாடவேளை படுக்கலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்று புதுத் தாள் அடித்தார். செல்வமலர் சாதாரண தரம் பாஸ் பண்ணினாள். உங்கள் புதிய மிஸ்ஸிடம் நான் கேட்பதும் இது ஒன்றுதான்: அந்தக் கடைசிக் கட்டத்தை வெட்டிவிடுங்கள். சொல்ல விரும்புகிற பிள்ளை தானே வந்து சொல்லும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மூன்றாம் நாள் பகலைப் பற்றி. தையல் அறை ஜன்னல் பலாமரத்துக்கு நேரே இருக்கிறது. மத்தியான மணி அடிக்கும் நேரம். கம்பியை ஓங்கிவிட்டேன். ஜன்னலுக்குள் அந்தப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குவது தெரிந்தது. குறட்டைகூட விட்டாள்.

கம்பியை இறக்கிவிட்டேன். வகுப்புகளில் பசியோடு பிள்ளைகள் சலசலத்தார்கள். கணித மாஸ்டர் கதவில் நின்று எட்டிப் பார்த்தார். அருளையா சேர் வழக்கம்போல விறாந்தைக்கு வந்து கையை மூக்குக்கு நேரே பிடித்தார். நான் பிந்தியது செக்கன் அல்ல, பன்னிரண்டு நிமிடம். அவர் என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டின் திருகை இழுத்து, பன்னிரண்டு நிமிடம் பின்னால் திருப்பிவிட்டு, உள்ளே போய்விட்டார்.